வாக்கிங் துணை

"எழுந்திருங்க! தொப்பை, சுகர், பிரஷர், ரத்தத்துல கொழுப்பு. இத்தனையும் சேர்த்து வச்சுக்கிட்டு இப்படித் தூங்கினா, மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சுக்காதா?"

மனைவி போர்வையை உருவியதும், ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் முனகிக்கொண்டே கிளம்பினார்.

பூங்காவில் இரண்டாவது சுற்றிலேயே பெஞ்சில் சாய்ந்தார். "முடியல. நீ போயிட்டு வா."

"அந்த மரம் வரைக்கும் போய்த் திரும்பறதுக்குள்ள எழுந்திருக்கணும்!" என்று மிரட்டிவிட்டு அவள் நடந்தாள்.

பெஞ்சில் இருந்த புது எதிர்வீட்டுக்காரர் பரிதாபப்பட்டார். "காலையில அவங்க போட்ட சத்தம் எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு. பாவம் சார். உங்களுக்கு இத்தனை வியாதியா?"

"எனக்குத் தொப்பை மட்டும்தான் சார். மத்ததெல்லாம் அவளுக்கு. போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துடுச்சு. பிழைச்சு வந்தும், நாலு பேர் பார்ப்பாங்கன்னு வாசலைத் தாண்டமாட்டேன்னா. டாக்டர் கெஞ்சினார், நானும் கெஞ்சினேன், மசியல. கடைசியில, 'உனக்கு இருக்கறதெல்லாம் எனக்கும் இருக்காம், நடக்கலைன்னா எனக்கும் அடைச்சுக்குமாம்'னு ஒரு பொய் சொன்னேன். மறுநாளே செருப்பை மாட்டிட்டா."

மரத்தடியிலிருந்து அதட்டல் வந்தது. "அங்க என்ன அரட்டை? எழுந்து கையை நல்லா வீசி நடங்க, இப்படி!"

அவள் வீசிக் காட்டியது வலது கையை.

மேனேஜர் துள்ளி எழுந்தார்.