மூன்றாம் ஓலைக்கு ஒரு ஆட்சேபணை

"நாளைக்கு அந்த ஓலையை வாசிக்காதேங்கோ, ஃபாதர். லொறிக்காரனை நம்பி ஒரு பிள்ளையைக் கட்டிக் குடுக்கேலாது."

பங்குமனைக் கதிரையின் நுனியில் இருந்தபடி றெக்சன் சொன்னான்.

கலியாண ஓலையை மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் வந்து சொல்ல வேண்டும். இரண்டு ஞாயிறு போய்விட்டது. அந்தப் பங்கில் ஒருவரும் இப்படி உள்ளே வந்து சொன்னதில்லை. கோயில் வாசலில் நின்று ஊருக்குச் சொல்வதோடு சரி.

ஃபாதர் அம்புறோஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை முன்னமே கலியாணம் முடித்தவரா, பெண்ணுக்கு இரத்த உறவா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று முறைப்படி கேட்டார். மூன்றுக்கும் றெக்சன் இல்லையென்று தலையாட்டினான்.

"பிறகென்ன தடை?"

தடை, ஒரு பழைய அமெரிக்கச் சண்டைத் தொடர். தமிழ்க் குரல் கொடுத்ததை றெக்சன் ஃபோனில் பார்த்து முடித்திருந்தான். ஒவ்வொரு பாகத்திலும் லொறிக்காரன் புது ஊர் ஒன்றில் இறங்குவான். அங்கே ஒரு பெண்ணை நாலு காடையர் மறிப்பார்கள். அடிப்பான். காதலிப்பான். விடிந்ததும் ஹோர்ன் அடித்துவிட்டுப் போய்விடுவான். அவள் புழுதிக்குள் நின்று கை காட்டுவாள்.

"ஐம்பத்திரண்டு பாகம், ஐம்பத்திரண்டு பெட்டையள், ஃபாதர். அடுத்த பாகத்தில ஒருத்தியின்ர பேரும் அவனுக்கு ஞாபகமில்லை."

"சாமான் எப்ப இறக்கிறவன்?"

றெக்சன் யோசித்தான். "அது ஒரு பாகத்திலயும் காட்டேல்லை."

நம்முடைய மாப்பிள்ளை தம்புள்ளைக்கு மீன் ஏற்றுகிறவர், பாரைமீன் வாசத்துக்குள் காதல் வருவது கஷ்டம் என்றார் ஃபாதர். லொறியைக் கழுவலாம்தானே என்றான் றெக்சன்.

"சரி. இவர் இதுவரைக்கும் ஆரையாவது காப்பாத்தினவரோ?"

"தள்ளாடிச் சந்தியில ஒரு கழுதையை. அதுவும் பிறேக் பிடிச்சதால."

"காதல்?"

"இன்னும் இல்லை. ஆனா றோட்டு நீளமெல்லோ, ஃபாதர். மதவாச்சியில வரலாம், கெக்கிராவையில வரலாம். கலியாணம் முடிச்சாப் பிறகு வந்தா நிறஞ்சலாவின்ர நிலைமை என்ன?"

நிறஞ்சலா கலியாணச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டாள், கேக்குக்கும் சொல்லியாயிற்று என்பதை ஃபாதர் ஞாபகப்படுத்தினார். நாளை ஓலை நின்றால் கலியாணமும் நின்றுவிடும்.

"உது அவவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. நீங்கள்தான் பக்குவமாச் சொல்லவேணும்."

வாயால் சொன்னால் போதாது, ஆட்சேபணை எழுத்தில் வேண்டும் என்று ஃபாதர் ஒரு தாளை எடுத்தார். பெயரை எழுதினார். விலாசத்தை எழுதினார். தொடரின் பெயரையும் கேட்டு, எழுத்துப் பிழையில்லாமல் எழுதினார். பிறகு பேனையை நிறுத்தி நிமிர்ந்தார்.

"மாப்பிள்ளைக்கு நீர் என்ன உறவெண்டு போட?"

றெக்சன் வாசலை ஒருதரம் பார்த்துக்கொண்டான்.

"நான்தான் மாப்பிள்ளையெண்டு உங்களுக்கே தெரியும்தானே, ஃபாதர். நிறஞ்சலாவிட்ட நேர சொல்ல எனக்குப் பயமாக் கிடக்கு."