சேறு விட்ட கால்

முழங்கால்வரை சேறு. காலை இழுக்க இழுக்க இன்னும் இறங்குகிறது. கல்படியிலிருந்து வீசிய தூண்டில் கீழே ஒரு கட்டையில் சிக்கியதும், ‘ரெண்டு எட்டுதானே’ என்று இறங்கிய தையல்காரர், இப்போது ஆற்றின் முகத்துவாரத்தில் நட்டுவைத்த கம்பம்போல் நிற்கிறார். கடல் ஆற்றுக்குள் ஏறத் தொடங்கிவிட்டது. கலங்கல் தண்ணீர் கட்டையைச் சுற்றிச் சுழித்துக்கொண்டு அவரை நோக்கி வருகிறது. அதன்மேல் மாலை வெயில் மினுங்குகிறது. “தூண்டில் நரம்பை அறுத்து விடுங்கன்னேனே, கேட்டீங்களா?” என்று படியிலிருந்து மனைவி கத்துகிறாள். கத்திக்கொண்டே, படியில் கிடந்த படகுக் கயிற்றின் ஒரு முனையைப் படித்துறைச் சுவரிலுள்ள இரும்பு வளையத்தில் கட்டி, மறுமுனையை வீசுகிறாள். “அக்குளோட சுத்திக் கட்டுங்க. நிக்காதீங்க, மல்லாக்கப் படுங்க!” “சேத்துலயா? சட்டை புதுசுடி!” “சட்டையை நீங்க தச்சுக்கலாம். உங்களை யாரு தச்சுத் தருவா?” அவர் படுக்கிறார். பிடரியில் சேறு சில்லென்று ஏறுகிறது. பாதத்தை மெல்ல மெல்ல ஆட்ட, செருப்பை உள்ளேயே விட்டுவிட்டு ஒரு கால் வருகிறது, பிறகு மற்றொன்று. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க, மூட்டைபோல் வழுக்கிக்கொண்டே படி சேர்கிறார். அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். “போதும், சேத்தை அப்பாதீங்க” என்கிறாள். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. மேல்படியில் அவள் ஊன்றிவிட்டு வந்த தூண்டில் வில்லாக வளைந்து துடிக்கிறது. பெரிய மீன்தான். இருவரும் எழுந்திருப்பதாக இல்லை.