இரண்டாவது ஆள்

பனியன் கம்பெனியின் தையல் லைனை பிரவுசரில் நேரலையாகப் பார்க்கலாம். பார்க்கிறவர்களின் கம்ப்யூட்டர்களே படத்தைத் துண்டு துண்டாக ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும். அதனால் லேசில் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி பூட்டு. சூப்பர்வைசர் கோமளா பழக்கதோஷத்தில் வீட்டில் திறந்தாள். படம் ஓடியது. பார்ப்பவர்கள்: இரண்டு.

கேமராவைக் கவனிக்கும் சிவராஜ் மேல்தான் சந்தேகம். போன் போட்டாள்.

"ஏனுங்க சிவராஜ், லீவு நாள்ல என்னத்த வேவு பாக்கறீங்க?"

"நானில்லீங்க. பஞ்சு தொடைக்கக் கேமராவையே கழட்டி ஊட்டுக்குக் கொண்டாந்துட்டனுங்க. வேற யாரோ பழைய படத்துண்ட உங்களுக்கு அனுப்பறாங்க."

படத்தில், கம்பெனியில் இருக்கும் கோமளாவின் நாற்காலியில் ஒருத்தி போனைக் காதில் வைத்திருந்தாள். கோமளா இன்று காலைதான் மடிப்புக் கலைத்துக் கட்டிய அதே புதுச்சேலை.

கோமளா போனை வைத்தாள். திரும்பப் போட்டாள்; சிவராஜின் நம்பர் பிஸி. படத்தில் இருந்தவள் சிவராஜிடம் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தாள்.