மூன்று குவளைப் பால்

குடிக்காதே, கண்ணே. ஒன்றையும் குடிக்காதே.

அமாடா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. முழங்காலிட்டு அம்மியில் சோளத்தை இழுத்து அரைத்தபடி மகன் லினோவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை எலும்பாய்க் கிடக்கிறது, நான் இப்படி வேண்டிக்கொள்கிறேனே என்று அவளுக்கே நெஞ்சு குத்தியது. ஆனாலும் வேண்டிக்கொண்டாள்.

லினோவுக்கு முன்னால் மூன்று குவளைகள். கொண்டுவந்து வைத்தவள் நாத்தனார் தோமித்திலா. ஒன்றில் அவள் வீட்டு ஆட்டுப்பால். இன்னொன்றில் பக்கத்துத் தெரு மாட்டுப்பால், பட்டை போட்டுக் காய்ச்சியது. மூன்றாவதில் அரசாங்கக் கடைப் பால் பவுடரைக் கரைத்தது.

கொஞ்ச நாளாகவே லினோவுக்குத் தாய்ப்பால் போதவில்லை. காலையில் இடப்பக்கம் வாய் வைத்தால் ஒரு சொட்டு வராது. வலப்பக்கத்தைச் சப்பிவிட்டு மறுபடி அழுவான்.

காரணம் தோமித்திலாவுக்குத் தெரியும். அந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். பால் கொடுக்கிறவள் அசந்து தூங்கும்போது பாம்பு வரும். பிள்ளை அழாமல் இருக்க வால் நுனியை அதன் வாயில் கொடுத்துவிட்டு, பாலைத் தான் குடித்துவிட்டுப் போய்விடும்.

"அது இந்நேரம் கோயில் தூண் கணக்கா கொழுத்திருக்கும்," என்றாள் தோமித்திலா. "என் தம்பி அவ்வளவு தூரம் சினலோவாவுல போய்த் தக்காளி பறிச்சு முதுகு ஒடியுறான். நீ இங்க சொகுசா பாம்பு வளர்க்கிற."

அமாடா அரைத்த மாவை வழித்தெடுத்தாள்.

லினோ பவுடர் பாலை முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாட்டுப்பாலில் விரலை விட்டு, மிதந்த ஆடையை எடுத்துத் தரையில் தேய்த்தான்.

அமாடாவின் கை லேசானது.

பிறகு ஆட்டுப்பாலைத் தூக்கினான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தான். குவளையைக் கவிழ்த்து அதன் அடியைத் தட்டினான்.

"அத்தை வீட்டு ஆடு ஜெயிச்சிருச்சுடா, ராசா!" தோமித்திலா அவன் மூக்கிலிருந்த பாலைத் துடைத்தாள். "இவன் மீசை முளைச்ச பிறகும் உன் ரவிக்கையைத்தான் இழுப்பான்னு பயந்துக்கிட்டு இருந்தேன்."

சொல்லிக்கொண்டே போர்வைத் துண்டின் மடிப்பிலிருந்து ஒரு கற்றாழை மடலை எடுத்து, நடுவில் கீறினாள். மஞ்சளாய்க் கசிந்தது.

"ரெண்டு பக்கமும் தடவிக்க. பால் வத்திரும். பாம்பும் நாக்கை வழிச்சுக்கிட்டு ஓடிரும்."

இதே கை இதே மடலை முன்பும் ஒருமுறை நீட்டியிருக்கிறது.

அப்போது மடியில் இருந்தவள் மகள் சிரிலா. லினோ வயிற்றில் தங்கியிருந்தான். அடுத்தது வயிற்றில் வந்துவிட்டால் தாய்ப்பால் கெட்டுப்போகும், முந்தையதற்கு ஆகாது என்றார்கள். அமாடா தடவிக்கொண்டாள்.

சிரிலா வாய் வைத்தாள். எடுத்தாள். அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். அழவில்லை. மறுபடி வாய் வைத்தாள்.

அதன் பிறகு அவளுக்குப் பவுடர் பால்தான். மழை தொடங்கியதும் வயிறு போக ஆரம்பித்தது. தம்பி பிறப்பதைப் பார்க்க அவள் இருக்கவில்லை.

இந்த வருஷம், இறந்த பிள்ளைகள் வீடு தேடி வரும் நாளில், வாசலிலிருந்து சாமந்தி இதழ் தூவி அவளுக்குப் படையல் போட்டார்கள். ரொட்டி, கொய்யா, ஒரு குவளை பவுடர் பால். கடைசியாகக் குடித்தது அதைத்தானே என்று தோமித்திலாதான் ஊற்றி வைத்தாள்.

படையலை எடுக்கும்போது ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டார்கள். சக்கை. கொய்யாவும் சக்கை. தோமித்திலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வந்தவர்கள் ருசியைத்தானே எடுத்துக்கொண்டு போவார்கள். பிள்ளை வந்திருக்கிறாள், வயிறாரச் சாப்பிட்டிருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகு அமாடா அந்தப் பாலை ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

தித்தித்தது. ஊற்றி வைத்தபோது இருந்த தித்திப்பு அப்படியே இருந்தது.

அன்றிலிருந்துதான் காலையில் இடப்பக்கம் வற்றிக் கிடக்கிறது.

பாம்பா, என்னவா என்று அவள் எழுந்து பார்த்ததில்லை. அரைத்தூக்கத்தில் தெரியும். சின்ன வாய். குளிர்ந்திருக்கும். வைக்கும், எடுக்கும், கசக்கிறதா என்று பார்ப்பதுபோல் ஒரு கணம் காத்திருக்கும். அப்புறம்தான் குடிக்கும்.

"என்னடி முழிக்கிற? பிடி," தோமித்திலா மடலை இன்னும் கிட்டே நீட்டினாள்.

அமாடா கையைத் துடைத்துக்கொண்டாள். ஆட்டுப்பால் குவளையை எடுத்துக் கழுவி அவளிடம் கொடுத்தாள்.

"நாளைக்கும் கொண்டாங்க அக்கா. லினோவுக்கு இனிமே இதுவே போதும்."

"அதான் நானும் சொல்றேன். அப்ப இதைத் தடவு."

"வேண்டாம் அக்கா."

தோமித்திலா அவளையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவன்தான் குடிக்கப் போறதில்லையே. பின்ன யாருக்குடி பாலு?"

அமாடா ரவிக்கையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அடுத்த பிடிச் சோளத்தை அம்மியில் வைத்தாள்.