நல்ல கடை

பச்சைக் கோடுகள் கலங்கித் தெரிந்தன. பக்கவாட்டுச் சக்கரத்தை மெல்லத் திருப்பினாள். கலங்கல் வடிந்து, கோடுகள் கூர்மையாக நின்றன.

லென்ஸ்மீட்டரின் சூட்சுமம் அவ்வளவுதான். யாரோ கழற்றிப் போட்ட கண்ணாடியை அதன்மேல் வைத்து, கோடு தெளியும்வரை சக்கரத்தைத் திருப்பினால் போதும். அந்த ஆளின் கண்ணுக்கு எவ்வளவு துணை வேண்டியிருந்தது என்று சக்கரத்தில் இருக்கும் எண் சொல்லிவிடும்.

கண் பரிசோதனை படிக்கும் முதலாண்டு மாணவி அவள். கல்லூரியின் அடித்தள அறைக்குப் பழைய கண்ணாடிகளைத் தரம் பிரிக்க வந்து இது முதல் நாள். பிரித்தவை பெட்டி பெட்டியாகக் கடல் தாண்டிப் போகும், கண்ணாடி வாங்க வழியில்லாதவர்களுக்கு.

இப்போது கையில் இருந்தது ஒரு குழந்தையின் கண்ணாடி. உள்ளங்கைக்குள் அடங்கியது.

"வலது மைனஸ் மூணு. இடது, மைனஸ் ஒண்ணு."

"மூணாம் நம்பர் பெட்டில போடு கோழி," என்றாள் எதிரே இருந்த தோழி. போன வருடமும் வந்தவள் என்பதால் அவளுக்கு அதிகாரம் கொஞ்சம் தூக்கல்.

கோழி என்ற பெயரும் அவள் வைத்ததுதான். எதையாவது உற்றுப் பார்க்கவேண்டுமென்றால் இவளுக்கு முகம் தானாக இடப்பக்கம் திரும்பிக்கொள்ளும். தரையில் கிடக்கும் தானியத்தைக் கோழி ஒற்றைக் கண்ணால் அளப்பதுபோல், வலக்கண்ணால் பார்ப்பாள். போட்டிருப்பது நல்ல கண்ணாடிதான். ஆனாலும் பழக்கம் விடவில்லை.

"எப்படிப் போடறது? மூணு தேவைப்படறவங்களுக்கு இடது கண்ணுக்கும் மூணு வேணுமே."

"ரெண்டும் பொருந்தறதுக்கு இது என்ன கல்யாணமா? ஒண்ணுமே இல்லாததுக்கு இது எவ்வளவோ மேல்."

"அவங்களுக்குன்னா அரைகுறை போதும்னு யார் முடிவு பண்ணது?"

இந்தப் பருவத்தில் எடுத்துக்கொண்ட ஒரு பாடம் கோழியை இப்படி ஆக்கியிருந்தது. உலகத்தின் ஒரு பக்கம் தூக்கிப்போடுவதற்கு இன்னொரு பக்கம் வரிசையில் நிற்கிறது என்று படித்த நாளிலிருந்து, வீட்டில் அப்பா தட்டில் மிச்சம் வைக்கவே பயந்தார்.

அவளும் அந்தப் பக்கத்திலிருந்து, பத்து வயதில், அப்பாவுக்குக் கிடைத்த வேலையோடு இங்கே வந்தவள்தான். ஆனால் 'அவங்க' என்று சொல்லும்போது அது அவளுக்கு உறைத்ததே இல்லை.

குறை என்று ஒன்று வீட்டில் இருந்ததாக நினைவில்லையே. ஏழு வயதில் கரும்பலகை தெரியவில்லை என்றதும், அம்மா தலைவாரி, நல்ல உடுப்பாகப் போட்டுவிட்டு, ஊரிலேயே பெரிய கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனாள். தெருமுனைவரை வரிசை. நல்ல கடை என்றால் கூட்டம் இருக்கத்தான் செய்யும் என்றாள் அம்மா. உள்ளே மேசைமேல் கண்ணாடி கண்ணாடியாகக் குவிந்து கிடந்தது. மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, பச்சை மூட்டமாக இருந்த மரம் இலை இலையாகப் பிரிந்து நின்றது. அன்றைக்கே இந்தப் படிப்பு முடிவாகிவிட்டது.

"இங்க பாரு," என்று கோழி ஆரம்பித்தாள். விளக்குவதென்றால் அவளுக்குச் சாப்பாடுகூட வேண்டாம். "இத மாட்டினா வலது கண்ணு பளிச்சுனு இருக்கும், இடது கலங்கும். மூளை இருக்கே, அது நம்மள மாதிரிதான், சுலபமான வழியத்தான் பாக்கும். தெளிவா தெரியற கண்ணையே வேலை வாங்கும். குழந்தை மெல்ல மெல்ல முகத்தத் திருப்பி வச்சுப் பாக்கும். அப்புறம் சரியான கண்ணாடியே கிடைச்சாலும்..."

தோழி அவளையே பார்த்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல." தோழி கண்ணாடியை வாங்கிக்கொண்டாள். "மூணுல போடறதா, கழிவுல போடறதா? சீக்கிரம் சொல்லு தாயே."

கோழி சொல்வதற்குள், கைப்பழக்கத்தில், தோழியே நகப்பூச்சு பாட்டிலைத் திறந்து கண்ணாடியின் வலது காம்பில் ஒரு புள்ளி வைத்துவிட்டாள். காதுக்குப் பின்னால் மறையும் நுனியில், உட்புறமாக. கடுகளவு பச்சை.

"இது எதுக்கு?"

"அடையாளம். ஒண்ணுன்னா மஞ்சள், மூணுன்னா பச்சை. அங்க கண் முகாம்ல அவ்ளோ பெரிய வரிசைய வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா அளந்துட்டா இருக்க முடியும்? நாம பொறக்கறதுக்கு முன்னாடிலேருந்து இதான் வழக்கமாம்."

கோழி கண்ணாடியைத் திரும்ப வாங்கிப் புள்ளியைப் பார்த்தாள்.

அந்த இடம் அவள் விரலுக்குத் தெரியும். ஏழு வயதில், படுக்குமுன் கண்ணாடியைக் கழற்றும்போதெல்லாம் கட்டைவிரலால் வருடிய இடம். அதிலும் இதேபோல் ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. இது என்னம்மா என்று ஒருநாள் கேட்டாள்.

"அது உனக்குன்னே செஞ்சதுன்னு கடைக்காரர் வச்ச அடையாளம்டி. வேற யாருக்கும் மாறிப் போயிடக் கூடாதில்ல?" அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்.

தோழி மறுபடி கையை நீட்டினாள். "ஏய், எந்தப் பெட்டி?"

கோழி கண்ணாடியைக் கொடுக்காமல், துப்பட்டா நுனியால் இரண்டு லென்ஸையும் துடைத்தாள். வலது. பிறகு, கொஞ்சம் அதிக நேரம், இடது.

"மாடியில லென்ஸ் வெட்டற மெஷின் சும்மாதானே கிடக்கு? இடதுக்கு ஒரு மூணு வெட்டிப் போட்டுடறேன்."

"இந்த ஒண்ணுக்காகவா?"

"இந்த ஒண்ணுக்குத்தான்."

புள்ளி காய்ந்துவிட்டதா என்று பார்க்க, கண்ணாடியை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

முகம் தானாக இடப்பக்கம் திரும்பிக்கொண்டது.