பெட்டிக்குத் தெரியாத பேச்சு

வளவன் விடிந்ததும் சோலார் தகட்டைத் துடைத்தான், ஆடுகளுக்குத் தழை போட்டான், பால் செம்பை எடுத்தான். மின்கம்பி ஏறாத அந்த மலையில், இறந்துபோன மனைவி மேகலையின் குரலைக் கற்றுக்கொண்ட கொட்டகைக் கணினிப் பெட்டி அவளைப் போலப் பேசினால்தான் செவலை ஆடு கறக்க நிற்கும்.

“நான் உங்க கூடவேதாங்க இருக்கேன்” என்றது பெட்டி.

“அவ இப்படிக் கொஞ்சவே மாட்டா” என்று பெட்டியை நிறுத்தினான். ஆடு உதைத்தது, செம்பு உருண்டது.

“அப்ப அவ பேசினத நீயே பேசிக் கற, தம்பி” என்று பக்கத்துக் காட்டுப் பொன்னாத்தா சிரித்தாள்.

ஒரு வருடமாகப் பெட்டி தானாகவே புதிது புதிதாகப் பேசியதில், எது அவள் பேச்சென்றே அவனுக்குக் குழம்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகச் சொன்னது மட்டும் நிச்சயம். ஆட்டின் காதில் அதைச் சொன்னான், செவலை நின்றது.

“செவலைக்கு மடியில பால் கட்டிக்கும். போய்க் கறந்துட்டு வாங்க, நான் எங்க போயிடப் போறேன்?”