ஒழுகின குழாய்

வேலைக்குக் கிளம்பும்போது பவித்ரன் ஏசியைப் போட்டுவிட்டு, "ஷிம்லாவைப் பார்த்துக்கோ" என்று அதனிடமே சொல்லிவிட்டுப் போவான். ஷிம்லா, கம்பளி போர்த்தியதுபோல் முடி அடர்ந்த நாய்.

"நான் இருக்கேன், உனக்கென்ன கவலை?" என்று ஏசி உறுமும். கோடையில் தினமும் பதினொரு மணிக்குக் கரண்ட் போகும். ஏசி கப்சிப்.

ஷிம்லா நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு குளியலறைக்குப் போகும். "வந்துட்டியா? நல்லா நீட்டிப் படு" என்று ஒழுகுகிற குழாய் அதன் வயிற்றைச் சொட்டுச்சொட்டாக நனைத்துக்கொண்டே இருக்கும்.

நாலு மணிக்குக் கரண்ட் வந்ததும், "எப்படி, ஜில்லுன்னு இருக்கா?" என்று ஏசி கேட்கும். எதற்கு வம்பு என்று ஷிம்லா வாலை ஆட்டிவைக்கும். பவித்ரன் வரும்போது ஏசிக்கு அடியில்தான் படுத்திருக்கும்.

"பார்த்தியா, ஏசி இல்லேன்னா உன் கதி என்ன?" என்று ஒருநாள் தடவிக்கொடுத்தவன் கையில் ஈரம் பட்டது. ஈரத் தடம் குளியலறைக் குழாய்வரை போனது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பிளம்பரைக் கூட்டிவந்தான். ஷிம்லா குரைத்துத் தீர்த்தது.

"புது ஆளுங்கன்னா அதுக்கு ஆகாது" என்றான் பவித்ரன். பிளம்பர் குழாயை இறுக்கிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமையும் பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. நாலு மணிக்கு வந்தது.

"எப்படி, ஜில்லுன்னு இருக்கா?"

காய்ந்த தரையில் மூச்சிரைக்கக் கிடந்த ஷிம்லா, வாலை ஆட்டியது.